தண்ணீர் குடித்த கார்

மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கார்கள் நிற்கின்றன. உள்ளே ஆள் இல்லை. பூட்டி விட்டுப் போய் விட்டார்கள்.

இது நடந்தது 2024-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி. இடம், சென்னை வேளச்சேரி.

ஐப்பசி பிறக்க இன்னும் சில நாள்தான். பலத்த மழை பெய்யும் என்று வானிலை நிலையம் எச்சரித்தது. அவ்வளவுதான்! வேளச்சேரிவாசிகள் பாலும் ரொட்டியும் மெழுகுவர்த்தியும் வாங்கி வைத்தார்கள். பிறகு காரை எடுத்துக் கொண்டு மேம்பாலத்துக்குப் போனார்கள். ஓரமாக நிறுத்தினார்கள். நடந்தே வீடு திரும்பினார்கள்.

போலீசார் அபராதம் போடுகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அப்படி எதுவும் இல்லை என்று போலீசார் மறுத்தார்கள்.

வெளியூர்க்காரர்கள் பத்திரிகையில் இந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். ஆனால் சிரிப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை. சூடு கண்ட பூனை அடுப்பண்டை போகாது. வேளச்சேரி, தண்ணீரில் சூடு கண்ட ஊர்!

2015 டிசம்பர் 1-ந் தேதி பெய்த பேய் மழையில் சென்னையின் தென் பகுதி தத்தளித்தது. வேளச்சேரியில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. 3, 4 தேதிகளில் கொட்டிய மழையில் மறுபடியும் அதே கதை. பக்கத்துப் பள்ளிக்கரணையில், அடுக்கு மாடிக் குடியிருப்பு ஒன்றில் நின்ற கார்கள் காகிதக் கப்பல் போல மிதந்து போனதை நாடே பார்த்தது.

மேம்பாலத்தில் ஏறிய கார்கள் தப்பின. சரி. ஏறாத கார்கள் என்ன ஆயின? 2015-ல் மூழ்கிய கார்களும், 2023-ல் மூழ்கிய கார்களும் இப்போது எங்கே இருக்கின்றன?

பழைய கார் வாங்க நினைக்கிற ஒவ்வொரு குடும்பமும் கேட்க வேண்டிய கேள்வி இது.

பள்ளத்தில் ஓர் ஊர்

வேளச்சேரி பள்ளமான பகுதி. ஊருக்குள் ஏரி. தெற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலம். சுற்று வட்டாரத்து மழைத் தண்ணீர் அந்தச் சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, பிறகு கடலுக்குப் போக வேண்டும்.

அது தண்ணீர் போகிற பாதை. அந்தப் பாதையில் தெருக்கள் வந்தன. வீடுகள் வந்தன. கம்பெனிகள் வந்தன. 2007-ல் பறக்கும் ரெயிலும் வந்து சேர்ந்தது. தண்ணீருக்கு மட்டும் போதிய வழி விடவில்லை.

இங்கே அடுக்கு மாடிக் கட்டிடம் என்றால் பெரும்பாலும் கீழே வெறும் தூண்கள்தான். கார் நிறுத்துவதற்கென்றே அந்த இடத்தை விட்டிருக்கிறார்கள். மழைத் தண்ணீர் முதலில் வருவதும் அங்கேதான். மனிதர்கள் மாடியில் ஏறித் தப்பிக் கொள்ளலாம். கார் மாடி ஏறுமா?

தண்ணீர் வடிந்த பிறகு, இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர் வந்து பார்க்கிறார். ரிப்பேர் செலவு, காரின் இன்சூரன்ஸ் மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை "முழு நஷ்டம்" என்று தீர்மானிக்கிறார்கள். உரிமையாளருக்குப் பணம் கிடைக்கிறது. கார் ஏலத்துக்குப் போகிறது.

ஏலத்தில் எடுக்கிறவர் அதை அருங்காட்சியகத்திலா வைக்கப் போகிறார்? சிலவற்றைப் பிரித்து உதிரிப் பாகங்களாக விற்கிறார்கள். சென்னையில் புதுப்பேட்டை இதற்குப் பேர் போன இடம். மற்றவற்றைக் கழுவி, உலர்த்தி, மெருகு போட்டு, நறுமணப் புகை போட்டு மறுபடியும் சாலைக்குக் கொண்டு வருகிறார்கள். சேறு போன இடம் தெரிவதில்லை. விலையும் கொஞ்சம் சல்லிசாக இருக்கிறது. யாரோ ஒரு குடும்பஸ்தர் வாங்கி விடுகிறார்.

நாலு பேரும் ஒரு ஸ்கூட்டரும்

இந்தச் சின்னக் கார்களை வாங்குகிறவர்கள் யார்? பணக்காரர்கள் அல்ல. அவர்கள் புதுக் கார் வாங்குவார்கள்.

"ஏங்க, எத்தனை நாளைக்குத்தான் நாலு பேரும் இந்த ஸ்கூட்டர்ல தொத்திக்கிட்டுப் போறது? மழையில பெரியவனுக்குக் காய்ச்சல். அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக ஒவ்வொரு தடவையும் ஆட்டோவுக்கு எவ்வளவு அழுவுறோம்!" என்று மனைவி கேட்கிறாள். கணவனால் பதில் சொல்ல முடியவில்லை. சீட்டுப் பணம் ஒன்றரை லட்சம் வருகிறது. மிச்சத்துக்கு நகைக் கடன். இப்படிப் புறப்படுகிறது பழைய கார் வேட்டை.

இந்த ஆசையைச் சாதாரண மக்களுக்கு ஊட்டியது மாருதி 800. 1983 டிசம்பர் 14-ந் தேதி அதன் முதல் காரின் சாவியை, அப்போதைய பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். விலை சுமார் அரை லட்சம் ரூபாய். முப்பது ஆண்டுகள் ஓடி, 2014 ஜனவரியில் அதன் உற்பத்தி நின்றது. 1998-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையில் இருந்து சான்ட்ரோ வந்தது. அதன் பிறகு ஆல்டோ, வேகன் ஆர், ஐ10 என்று வரிசை நீண்டது. முதுகில் கதவு உள்ள இந்தச் சின்னக் கார்கள்தான் சென்னை நடுத்தரக் குடும்பத்தின் முதல் கார். சந்தில் நுழையும். குறைந்த பெட்ரோல் குடிக்கும். எந்தத் தெரு மெக்கானிக்குக்கும் இவற்றின் வயிறும் குடலும் அத்துப்படி.

நல்ல கார்கள்தான். அதில் சந்தேகம் இல்லை. தேடுகிறவர்கள் அதிகம் என்பதால் இவற்றில் ஏமாற்றும் அதிகம்.

தரகர் பேச்சு

தரகர் பேச்சைக் கேட்டால் தேன் ஒழுகும்.

"ஒரே கை ஓட்டின வண்டி சார். டாக்டர் வெச்சிருந்தது. ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு மட்டும்தான் எடுப்பாரு."

"கிலோ மீட்டர் எவ்வளவு ஓடியிருக்கு?"

"நாப்பதாயிரம்கூடத் தாண்டலை. மீட்டரைப் பாருங்க."

"விலை?"

"ரெண்டே முக்கால் சொல்றாங்க. உங்களுக்காக ரெண்டு அறுவதுக்குப் பேசித் தர்றேன். இன்னிக்கே டோக்கன் போட்டுடுங்க. சாயங்காலம் இன்னொரு பார்ட்டி வர்றாங்க."

சென்னையில் விற்பனைக்கு வருகிற பழைய கார்களை எல்லாம் பார்த்தால், நகரத்தில் ஆளுக்கு ஒரு டாக்டர் இருப்பார் போல் இருக்கிறது! சாயங்காலம் வருவதாகச் சொல்லும் அந்த இன்னொரு பார்ட்டியை மட்டும் இதுவரை யாரும் கண்ணால் கண்டதில்லை.

இந்தப் பேச்சில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எத்தனை கை மாறியது, எத்தனை கிலோ மீட்டர் ஓடியது என்று வாங்குகிறவர் கேட்கிறார். எத்தனை நாள் தண்ணீரில் நின்றது என்று கேட்பதே இல்லை. கேளாததைத் தரகர் ஏன் சொல்லப் போகிறார்?

கிலோ மீட்டரை மாற்றலாம். அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். 1 லட்சம் ஓடிய வண்டி ஒரே இரவில் 40 ஆயிரம் ஆகும். ஆனால் ஒழுங்காக எண்ணெய் மாற்றி ஓட்டிய 1 லட்சம் கிலோ மீட்டர் வண்டி, தண்ணீரில் இரண்டு நாள் மூழ்கிய 20 ஆயிரம் கிலோ மீட்டர் வண்டியை விட ஆயிரம் பங்கு மேல். ஓட்டத்தினால் வரும் தேய்மானத்தைக் கணக்கிடலாம். தண்ணீரால் வரும் நோயைக் கணக்கிட முடியாது.

தண்ணீர் என்ன செய்யும்?

எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் போகின்றன. பிஸ்டன் மேலே வந்து அவற்றை அழுத்துகிறது. காற்று அழுத்தினால் சுருங்கும். தண்ணீர் சுருங்காது. எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்திருக்கும்போது சாவியைத் திருப்பினால், மேலே வருகிற பிஸ்டன் தண்ணீரில் முட்டி நிற்கிறது. அந்த வேகத்தில் அதைத் தாங்கும் இரும்புத் தண்டு வளைந்து போகிறது. சில சமயம் உடைந்து எஞ்சினையே துளைத்துக் கொண்டு வெளியே வரும்.

வெள்ளத்தில் நின்ற காரை யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்பது இதனால்தான். பேட்டரி இணைப்பைக் கழற்றி விட்டு, வண்டியை வேறு லாரியில் ஏற்றித்தான் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போக வேண்டும். பலர் பதற்றத்தில் சாவியைத் திருப்பி விடுகிறார்கள். அப்படிக் கெட்டுப் போன எஞ்சினுக்குச் சாதாரண இன்சூரன்சில் பொதுவாகப் பணம் தர மாட்டார்கள். எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருந்தால் மட்டுமே கிடைக்கும். மழைக் காலத்தில் தத்தளிக்கும் ஊர்களில் இருப்பவர்கள் அந்தச் சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கக் கூடாது.

எஞ்சின் கெட்டால் உடனே தெரிந்து விடும். அதைவிடப் பொல்லாதது மின்சாரக் கம்பிகளில் புகுந்த ஈரம்.

அந்தக் காலத்து கார்புரேட்டர் வண்டியை வெயிலில் நிறுத்தி, பிளக்கைத் துடைத்து, எண்ணெய் மாற்றினால் ஓடி விடும். இப்போதைய கார் அப்படி அல்ல. பெட்ரோல் எவ்வளவு போக வேண்டும் என்பதைக்கூட ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி தீர்மானிக்கிறது. பல வண்டிகளில் அது உட்காரும் இடத்துக்கு முன்னால், கால் வைக்கிற பக்கத்தில் இருக்கிறது. சாக்கடை கலந்த தண்ணீர் அங்கே புகுந்தால், கம்பி முனைகளில் பச்சையாகக் களிம்பு பிடிக்கிறது. இன்று தெரியாது. ஆறு மாதம் கழித்து ஒரு நாள் கண்ணாடி ஏறாது. மறு மாதம் விளக்கு எரியாது. பிறகு நட்ட நடுச் சாலையில் வண்டி நின்று விடும். ஒர்க்‌ஷாப்பில் ஒன்றைச் சரி செய்வார்கள், இன்னொன்று கிளம்பும். கறையான் புகுந்த வீடு மாதிரிதான்.

காற்றுப் பை உள்ள வண்டி என்றால் கவலை இன்னும் அதிகம். விபத்து நேரத்தில் அது விரிய வேண்டும். கம்பி அரித்துப் போயிருந்தால் விரியாமலே இருந்து விடலாம். இது பண நஷ்டம் அல்ல. உயிர் நஷ்டம்.

கண்டுபிடிப்பது எப்படி?

கழுவி மெருகு போட்ட வண்டியிலும் தண்ணீர் தன் கையெழுத்தை எங்காவது போட்டு வைத்திருக்கும்.

முதலில் சீட் பெல்ட். அதைக் கடைசி வரை இழுத்துப் பார்க்க வேண்டும். வழக்கமாக வெளியே தெரியும் பகுதியைத் தேய்த்துக் கழுவியிருப்பார்கள். உள்ளே சுருண்டு கிடக்கும் கடைசி முழத்தில் சேற்றுக் கறை கோடாகத் தெரியும்.

பிறகு குனிய வேண்டும். வெட்கப்படக் கூடாது. சீட்டுக்கு அடியில் இருக்கும் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா? மழையில் நனையாத இடத்தில் துரு எப்படி வந்தது? காலடி விரிப்பைத் தூக்கினால் அடியில் வண்டல் மண் இருக்கிறதா? பின்னால் ஸ்டெப்னி டயர் வைக்கும் குழியில் மண் படிந்திருக்கிறதா? முன் விளக்கின் கண்ணாடிக்குள் ஆவி பிடித்தாற்போல் மங்கலாக இருக்கிறதா? ஒன்று மட்டும் இருந்தால் வேறு காரணம் இருக்கலாம். இரண்டு மூன்று சேர்ந்து இருந்தால் எழுந்து வந்து விட வேண்டியதுதான்.

எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தால், எண்ணெய் பால் விட்ட காப்பி நிறத்தில் இருக்கக் கூடாது. அப்படி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

பத்து வயது வண்டியில் புத்தம் புதிய விரிப்பும், புதிய சீட் உறையும், மூக்கைத் துளைக்கும் வாசனையும் இருந்தால் அதைப் பார்த்து மகிழக் கூடாது. சந்தேகப்பட வேண்டும். எல்லாக் கண்ணாடிகளையும் மூடி, வெயிலில் பத்து நிமிஷம் வண்டியை நிறுத்தி, பிறகு கதவைத் திறந்து முகர்ந்தால் ஈரச் சாக்கு நாற்றம் தன்னால் வெளியே வரும். வீட்டுப் பெண்களை அழைத்துப் போனால் இந்தச் சோதனையை அவர்கள் மெக்கானிக்கை விட நன்றாகச் செய்வார்கள்.

சாவியை ஸ்டார்ட்டுக்கு முந்தைய கட்டத்துக்குத் திருப்பியதும் எஞ்சின் விளக்கு, காற்றுப் பை விளக்கு எல்லாம் எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனபின் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால், கோளாறு தெரியாமல் இருக்க விளக்கையே பிடுங்கி விட்டார்களோ என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு வழி காகிதத்தில் இருக்கிறது. பலருக்கு இது தெரியாது.

ஓராண்டு முழுவதும் இன்சூரன்ஸ் பணம் கேட்காதவருக்கு, அடுத்த ஆண்டு பிரீமியத்தில் தள்ளுபடி கிடைக்கும். இதற்கு நோ கிளெய்ம் போனஸ் என்று பெயர். முதல் ஆண்டு 20 சதவீதம். பிறகு 25, 35, 45 என்று ஏறி, 50 வரை போகும். இடையில் ஒரு முறை பணம் கேட்டால் மறுபடி பூஜ்யத்துக்கு இறங்கி விடும். இந்தத் தள்ளுபடி பாலிசியில் அச்சாகி இருக்கும்.

ஆகவே விற்பவரிடம் பழைய பாலிசிகளைக் கேட்க வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு முன் 45 சதவீதம் இருந்த வண்டி, அடுத்த புதுப்பிப்பில் பூஜ்யம் ஆகியிருக்கிறதா? அப்படியானால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. கதவில் ஆட்டோ இடித்ததாகவும் இருக்கலாம். கழுத்தளவு தண்ணீராகவும் இருக்கலாம். எது என்று சொல்ல வேண்டியது விற்பவர் பொறுப்பு. பிறருக்கான இன்சூரன்ஸ் மட்டும் கட்டி ஓட்டிய வண்டிக்கு இந்தச் சோதனை செல்லாது. அதற்குச் சீட் பெல்ட்டும் ஈரச் சாக்கும்தான் சாட்சி.

மற்ற செலவுகள்

தண்ணீரே பார்க்காத நல்ல வண்டி கிடைத்து விட்டது என்று வைத்துக் கொள்வோம். அதற்கும் செலவு உண்டு. பேசிய விலையோடு கணக்கு முடிந்தது என்று நினைப்பவர்களே முதல் ஆண்டில் கடன்படுகிறார்கள்.

நாலு டயரும் வழுக்கையாக இருந்தால் 14 ஆயிரம் முதல் 18 ஆயிரம் ரூபாய். பேட்டரி 4 ஆயிரம் முதல் 5 ஆயிரம். கிளச் தேய்ந்திருந்தால் கூலியோடு 6 ஆயிரத்தில் இருந்து 10 ஆயிரம் வரை. இதெல்லாம் உத்தேசக் கணக்கு. வண்டிக்கு வண்டி, கடைக்குக் கடை மாறும். கிளச் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் வண்டியை ஒரு மேம்பாலத்தில் ஏற்றிப் பார்த்தால் போதும். எஞ்சின் சத்தம் ஏறி, வண்டி ஏறவில்லை என்றால் கிளச் போச்சு.

குளிர் சாதனத்தில் ஏமாறாதவர்கள் குறைவு. காலை நேரத்தில் வண்டியைக் காட்டுவார்கள். ஜில்லென்று வரும். நடு வெயிலில் சிக்னலில் நின்றால் வெறும் காற்று. "கேஸ் அடிச்சா சரியாயிடும் சார்" என்பார்கள். கேசுக்கு 2 ஆயிரத்துக்குள் ஆகலாம். கம்ப்ரசரே போயிருந்தால் 12 ஆயிரம் முதல் 20 ஆயிரம். ஆகையால் பகல் 1 மணிக்குத்தான் பழைய கார் பார்க்கப் போக வேண்டும். வியர்த்தால் வியர்க்கட்டும்.

மாருதி 800, பழைய சான்ட்ரோ போன்ற வண்டிகளில் எஞ்சினுக்கு உள்ளே டைமிங் பெல்ட் என்று ஒரு ரப்பர் பட்டை உண்டு. கம்பெனி சொன்ன கிலோ மீட்டரில் அதை மாற்றியே தீர வேண்டும். சில ஆயிரம் ரூபாயில் முடிகிற வேலை. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டு, அது ஓட்டத்தில் அறுந்தால், பல எஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளைந்து விடும். பிறகு செலவு பல மடங்கு. எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது கேட்க வேண்டும். வாய் வார்த்தையை நம்பக் கூடாது.

திருவான்மியூர், பெசன்ட் நகர்க் கடலோரத்தில் நின்ற வண்டி என்றால் கதவின் அடி விளிம்பைத் தட்டிப் பார்க்க வேண்டும். உப்புக் காற்று பெயிண்டுக்கு அடியில் புகுந்து இரும்பை அப்பளம் ஆக்கியிருக்கும்.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். பழைய வண்டிகளில் சில ரப்பர் குழாய்களையும் கேஸ்கெட்டுகளையும் நாளடைவில் மாற்ற வேண்டி வரலாம் என்று 2025-ல் சர்க்காரே சொன்னது. பெரிய செலவு அல்ல. ஆனால் பார்க்காமல் விட்டால் பெட்ரோல் கசியும்.

இவற்றைப் போல வண்டியின் விலையில் எட்டில் ஒரு பங்காவது கையில் தனியாக இருக்க வேண்டும். இரண்டேகால் லட்சத்துக்கு வண்டி பேசினால் 30 ஆயிரம் ரூபாயை முந்தானையில் முடிந்து வைத்துக் கொள்ள வேண்டும். கையில் இருப்பதை எல்லாம் விலையாகவே கொடுத்து விடுகிற குடும்பம், முதல் ரிப்பேரிலேயே வண்டியை மூடி போட்டு நிறுத்தி விடுகிறது. வேளச்சேரித் தெருக்களில் தூசி படிந்து நிற்கும் கார்களில் பாதி அப்படிப்பட்டவைதான் என்றால் ஆச்சரியம் இல்லை.

நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போனால் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு கேட்பார். கொடுக்கலாம். ஆனால் அந்த மெக்கானிக்கைத் தரகர் சிபாரிசு செய்யக் கூடாது!

புது வண்டி விலையையும் ஒரு தடவை விசாரிப்பது நல்லது. 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்தில் இருந்து 18 ஆகக் குறைந்தது. புது வண்டி இறங்கினால் பழைய வண்டியும் இறங்கத்தானே வேண்டும்? விற்பவர்கள் பழைய விலையையே பிடித்துத் தொங்கினால், வாங்குகிறவர் இதை எடுத்துச் சொல்லலாம்.

பெயர் மாற்றம்

பணம் கைமாறியதும் கைகுலுக்கிப் பிரிந்து விடுகிறார்கள். ஆர்.சி. புத்தகம் மாதக்கணக்கில் பழைய பெயரிலேயே கிடக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் தகவல் கொடுக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பதிவு அதிகாரியிடம் மனுச் செய்ய வேண்டும். இன்சூரன்சையும் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் விபத்தில் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்குப் பணம் வராமல் போகலாம்.

விற்றவருக்கும் ஆபத்து உண்டு. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்துக்கு நஷ்ட ஈடு அவரே கொடுக்க வேண்டும் என்று 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. வண்டியை விற்று, அந்தப் பணத்தையும் செலவழித்து முடித்த பிறகு, முகம் தெரியாத ஒருவர் செய்த விபத்துக்குக் கோர்ட்டு படி ஏறுவது யாருக்கும் வேண்டாத வேலை.

சொல்லி விற்றால் என்ன?

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை விற்கவே கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. அதன் சொந்தக்காரரும் நஷ்டப்பட்ட மனிதர்தான். டயர் அளவு தண்ணீரில் நின்று, உள்ளே புகாமல் தப்பிய வண்டிகளும் உண்டு. முறையாகப் பிரித்து, உலர்த்தி, கெட்ட பாகங்களை மாற்றிய வண்டியும் ஓடும்.

ஆனால் சொல்லி விற்க வேண்டும். "2023-ல் தண்ணீர் புகுந்தது. இன்னின்ன வேலை செய்தோம். இதோ பில்" என்று காட்டினால், வாங்குகிறவர் விலையைக் குறைத்து, தெரிந்தே வாங்குவார். மறைத்து விற்றால் அது வியாபாரம் அல்ல. ஒருவர் வீட்டு வெள்ளத்தை இன்னொருவர் வீட்டுக்குள் திருப்பி விடுகிற வேலை.

வாங்குகிறவர் கையில் ஓர் ஆயுதம் இருக்கிறது. "இந்த வண்டிக்குள் வெள்ளத் தண்ணீர் புகுந்ததில்லை" என்று ஒரு தாளில் எழுதி, வண்டி எண்ணும் தேதியும் போட்டுக் கையெழுத்துக் கேட்க வேண்டும். உண்மையான ஆள் யோசிக்காமல் போட்டு விடுவார். "அதெல்லாம் எதுக்கு சார், நம்பிக்கைதானே முக்கியம்" என்று பேச்சை மாற்றுகிறவரிடம் வண்டி வாங்க வேண்டியதில்லை. கார் வியாபாரியிடம் வாங்கி ஏமாந்தால், நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இந்தத் தாள் உதவும்.

சர்க்கார் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. பரிவாகன் இணையத்தில் வண்டி எண்ணைத் தட்டினால், எந்த ஆண்டு வண்டி, இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது என்பவை வருகின்றன. எந்த வண்டிக்கு முழு நஷ்டம் என்று பணம் கொடுத்தோம் என்பது இன்சூரன்ஸ் கம்பெனிகளின் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கையும் இதே இடத்தில் எல்லோரும் பார்க்கும்படி சேர்த்து விட வேண்டும். அப்போது சென்னையில் மூழ்கிய காரை விழுப்புரத்திலோ திருச்சியிலோ கொண்டு போய், டாக்டர் வண்டி என்று விற்க முடியாது. நகையை அடகு வைத்து வாங்குகிறவர், பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்பே, வண்டி எண்ணைத் தட்டி உண்மையைத் தெரிந்து கொள்வார்.